கம்ப்ரஸர் ஓடும் காது

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. மாமனாருக்குக் காது கேட்காது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய இந்தச் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாத சுவர். மாமாவுக்குக் கேட்கும்படி ஒரு விஷயத்தைச் சொன்னால் அது வரிசை முழுவதற்கும் சொன்ன மாதிரி. தனக்குச் சம்பளம் கூடிய செய்தியை என் கணவர் தன் அப்பாவிடம் சொன்னபோது, மாமா "இன்னா?" என்று திருப்பிக் கேட்பதற்குள் பின் வரிசையிலிருந்து வாழ்த்து வந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒருவர் இரைச்சலைக் குறைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அவர் பெயர் தம்மபாலன். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் 'இவர்' என்றே எழுதுகிறேன். போன பிப்ரவரியில், பெங்களூர் போகும் காலை ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பங்காரப்பேட்டையில் எழுந்து டீ வாங்குகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து, கூட வருகிறவர்கள் சீட்டாட்டத்தைக்கூட அன்றைக்கு மெல்லிய குரலில் ஆடியிருக்கிறார்கள். இரைச்சல் இல்லாமல் போக வேண்டும் என்று இவருக்கு ஆசை இருந்திருந்தால், அது நிறைவேறிவிட்டது.

இவர் கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி வைத்திருந்தார். முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்பார். கல்யாணமான புதிதில் சமையல்கட்டில் என் பின்னால் வந்து நின்று என்னை அலற வைப்பார். பயமுறுத்த வேண்டும் என்று வந்ததில்லை. அவர் நடையே அப்படி.

வேலை, பெங்களூரில் காதுக் கருவிக்கான சிப் வடிவமைக்கிற ஒரு சின்ன கம்பெனியில். 'எலக்ட்ரானிக்ஸ்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வரிசையில் எல்லோரும் மிக்சி, டிவி, டார்ச் லைட் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் வாங்கி, மரியாதையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டு எலைன் ஆன்ட்டிதான் வந்து போடுவார். "இன்னாம்மா லீலா, உன் வூட்டுக்காரர் இன்ஜினீயர்னு சொன்னே" என்று ஸ்டூலில் ஏறி நின்றபடி கேட்பார். இவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சிப்புக்குள் லட்சக்கணக்கான குட்டி சுவிட்சுகள் இருக்கின்றன. உள்ளே ஒரு கடிகாரம் துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தச் சுவிட்சுகள் திறந்து மூடும். ஒரு சுவிட்சு குடிக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே மடக்காகக் குடிக்கும்போதுதான் வம்பு. குடித்த மின்சாரம் திரும்பிப் போவதற்கு ஒரு பொதுப் பாதை இருக்கிறது. அதைத்தான் இவர்கள் தரை என்கிறார்கள். எல்லாச் சுவிட்சும் ஒன்றாகக் குதித்தால் அந்தத் தரை குலுங்கும். மைக்கிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெரிதாக்குகிற பகுதியும் அதே தரையில்தான் நிற்கிறது. தரை குலுங்கியதை அது யாரோ வெளியே பேசியதாக எடுத்துக்கொண்டு, அதையும் பெரிதாக்கிக் காதில் ஊதிவிடும். வெளியே ஒரு ஈ கூடப் பறக்காது, காதுக்குள் மட்டும் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

"மைன்ஸ் ஓடின காலத்துல கீழ பாறை வெடிச்சா நம்ம வீட்டு அலமாரியில டம்ளர் உருளும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் ஒரு நாள். "டம்ளரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கீழ இருக்கறதைத்தான் சரி பண்ணணும்."

சரி செய்ய நாலைந்து வழி இருந்தது. சுவிட்சுகளை ஒன்றாகக் குதிக்க விடாமல், ஒன்றுக்கொன்று இம்மி நேரம் முன்பின்னாகக் குதிக்க வைப்பது ஒன்று. 'டக்'கென்று திறப்பதைக் கொஞ்சம் மெதுவாகத் திறக்க வைப்பது இன்னொன்று. அதிகம் குடிக்கிற பகுதிகளுக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது, வாசலில் ஒரு டிரம் தண்ணீர் பிடித்து வைப்பது போல. பெரிதாக்குகிற பகுதிக்குத் தனித் தரை கொடுத்து, சுற்றி வேலி கட்டுவது. முதல் வழியை அப்பாவுக்கு விளக்க ஆசைப்பட்டு, ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் எல்லோரும் ஒரே கேட்டுக்கு ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கேட் ஆடாது என்று கத்திச் சொன்னார்.

"எவன்டா ஷிப்டு முடிஞ்சி மெதுவா வெளிய வந்தான்?" என்றார் மாமா.

இந்தக் கொள்கையை இவர் ஒரு முறை வரிசையிலும் நடத்திப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வந்ததும் எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடி விளக்கெல்லாம் மங்கிவிடும். வீடு வீடாகப் போய், நீங்கள் இப்போது, அவர்கள் கொஞ்சம் கழித்து, என்று பேசி முடித்தார். எல்லோரும் சரியென்றார்கள். மறுநாள் முதல் வீட்டு மோட்டார் சத்தம் கேட்டதும், தண்ணீர் போய்விடுமோ என்ற பயத்தில் மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டியது. விளக்கு மங்கவில்லை, அணைந்தே போனது. "சிப்புக்குள்ள பயம் கிடையாது. அதான் அங்க வேலை செய்யுது" என்றார் இவர்.

மாமாவின் பெயர் கௌதமன். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மிஷின் பிடித்தவர். காதை அந்த மிஷினிடம்தான் விட்டுவிட்டு வந்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து காலை டீ. ரயில் பாதையின் அந்தப் பக்கம் உள்ள டீக்கடையில், கூட வேலை பார்த்த சகாயத்தோடு உட்கார்ந்து குடிக்கிற டீ. ஒரு நாள் மாமா பாதையைக் கடக்கும்போது ரயில் வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை, ஸ்டேஷனில் நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள். மாமா சாவகாசமாகக் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் இன்னாத்துக்கு என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

செய்தி பெங்களூரில் இருக்கும் நாத்தனார் யசோதராவுக்குப் போனது. அடுத்த ஞாயிறே வந்தாள். "அண்ணா, அடுத்த புத்த பூர்ணிமா வரைக்கும் டைம். அதுக்குள்ள நைனாவுக்குக் காது கேக்கணும். இல்லைன்னா எங்க ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நாலாவது மாடி. அங்க ரயில் வராது."

மாமாவுக்கு இதை யாரும் கத்திச் சொல்லவில்லை. ஆனால் அவள் கையால் மாடிப்படி ஏறிக் காட்டியதைப் பார்த்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "மாடியில டீக்கடை கீதா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். அதையும் வரிசை முழுவதும் கேட்டது.

கடையில் வாங்கிய கருவிகள் இரண்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தன. இரண்டையும் மாமா ஒரு நாள் போட்டுவிட்டு "ரிப்பேர்" என்று அலமாரியில் வைத்துவிட்டார். இவர் சோதித்துப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே ஓடின. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம். மகன் செய்தது என்றால் போட்டுக்கொள்வார் என்று இவர் தன் கம்பெனியின் சிப்பையே நம்பினார். முதல் முறை செய்து வந்த மாதிரிக் கருவிகளில் ஒன்றை, யாராவது போட்டுப் பார்க்கட்டும் என்று கம்பெனியே கொடுத்தது. அப்பாவின் காதில் மாட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கம்ப்ரஸர் ஓடுதுடா" என்றார்.

இவர் முகம் சுண்டிவிட்டது. அந்த மாதிரியில் இரைச்சல் இருப்பது இவருக்குத் தெரியும். அது மாமாவுக்குக் கேட்காது என்று நம்பியிருந்தார். நான்கு நாள் அதைப் போட்டுக்கொண்டு மாமா ஊரெல்லாம் சுற்றினார். நாங்கள் பேசியது கேட்டது. டீக்கடைக்குப் போய் வந்தார். ஆனால் இவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்தாம் நாள், கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"அதுல இன்னாடா கெட்டுப் போச்சி?"

"சத்தம் இருக்கு நைனா. சரி பண்ணிக் குடுக்கறேன்."

"பரவால்லடா, இருக்கட்டும்."

"பரவால்லைன்னு எனக்காகச் சொல்றாரு" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. "அவர் காதுல அந்தச் சனியனைப் போட்டு அனுப்பமாட்டேன்."

அதற்குப் பிறகு பல மாதங்கள் இவர் பேச்செல்லாம் தரையைப் பற்றித்தான். இவருடைய மேலதிகாரி ரூபேஷ் இவரைவிட வயதில் மிகச் சின்னவர், ஆனாலும் இவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ராத்திரி ஃபோனில் சண்டை போடுவார்கள். சண்டை என்றால் இவர் பக்கம் நீண்ட மௌனம், அவ்வளவுதான். சிப்புக்குள் நடக்கும் கணக்குகள் எல்லாம் ஒரே கொத்தாக நடந்து ஓய்வதால்தான் அந்தக் 'கொய்ங்' வருகிறது என்று கண்டுபிடித்தார். அதைச் சீராகப் பரப்பினார். தனித் தரை, வேலி, சேமிப்பு எல்லாம் வைத்தார். இடம் போதவில்லை என்று ரூபேஷ் சொன்னபோது, எங்கள் லைன் வீட்டில் எத்தனை பேர் படுக்கிறோம் என்று விளக்கி இடம் வாங்கினார். புதிய சிப் வந்தது. அளக்கும் கருவியில் கோடு படுத்துக் கிடந்ததாம். கம்பெனியில் கேக் வெட்டினார்கள். என் பங்கையும் டிஷ்யூ தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கதவை டமாரென்று சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

புதிய கருவியை மாமாவின் காதில் மாட்டினார். "இன்னா நைனா, எப்படி இருக்கு?"

மாமா கூரையைப் பார்த்தார். கழற்றினார். குலுக்கினார். ஊதினார். மறுபடி மாட்டினார்.

"செத்துடுச்சிடா."

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"நீ கத்தறே, கேக்குது. மிஷின் ஓடல."

"நான் கத்தலை நைனா. மெதுவாத்தான் பேசறேன்."

"பின்ன ஏன் சத்தமே காணோம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடுகிறது, அதுதான் விசேஷம் என்று இவர் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். "சத்தம் இல்லாம இன்னாடா ஓடும்?" என்று மாமா கழற்றி அலமாரியில், அந்த இரண்டு கடைக் கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

சகாயம்தான் விளக்கினார். விளக்குவதற்காக வந்தவர் அல்ல. மாமா ஏன் டீக்கு வரவில்லை என்று திட்ட வந்தவர். வாசற்படியிலேயே நின்று கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, சுரங்கத்துல கீழ லெவல்ல காத்து பைப்பு உஸ்ஸுனு கத்திகினே கீதும். மேல கம்ப்ரஸர் ஓடுது, காத்து வருதுன்னு அர்த்தம். அது நின்னா அவன் அவன் மிஷினைக் கீழ வெச்சிட்டு வாயை மூடிகினு, மேல தூக்கற கேஜுக்கு நடப்பான். சத்தம் இருந்தா பயம் இல்ல. இல்லாங்காட்டிதான் பயம். உங்கப்பன் ஆயுசு பூரா அப்படித்தானே பொழைச்சான்."

"இது காதுல போடறதுங்க."

"அதேதான். அது நின்னு போச்சின்னா அவனுக்கு எப்படித் தெரியும்? ரோடு சும்மா கீதா, மிஷின் செத்துப் போச்சான்னு எப்படிக் கண்டுபுடிப்பான்? ரயில் வந்தப்புறமா?" சகாயம் மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நல்லா ஓடிகினு இருந்ததைப் புடுங்கிட்டு வருஷம் பூரா ஒக்காந்து கெடுத்துக் குடுத்திருக்கே."

இவர் அலமாரியிலிருந்து புதிய கருவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். புத்த பூர்ணிமாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் கம்பெனியில் நடந்ததை இவரே எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், அதனால் தைரியமாக எழுதுகிறேன். இவர் ரூபேஷிடம் போய், பழைய மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

"சார், அதுல நாய்ஸ் இருக்கே."

"அதனாலதான் கேக்கறேன்."

"நாய்ஸ் இல்லாததுதானே சார் கேக் வெட்டினோம்?"

"கேக் நல்லா இருந்துச்சு. எனக்கு நாய்ஸ் உள்ளது வேணும்."

பழைய மாதிரிகளை எல்லாம் அழித்துவிட்டார்களாம். ஒன்றே ஒன்று மிச்சம். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில், 'எங்கள் முதல் தோல்வி' என்று சீட்டு ஒட்டி, வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்தார்கள். ரூபேஷ் சாவியை எடுத்து வந்தார். இவர் தோல்வியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் இடத்தில் கேக் வெட்டிய வெற்றியை வைத்தார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். இன்று வரை யாரும் கவனிக்கவில்லை என்று ரூபேஷ் சொல்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அந்த வெற்றியைப் பார்த்து "பரவாயில்லை, முதல் முயற்சிதானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பூர்ணிமாவுக்கு முந்தின சாயங்காலம் யசோதரா காரில் வந்து இறங்கினாள். இவர் இன்னும் வரவில்லை, ரயில் வழியில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. வந்தவுடன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று "நைனா" என்றாள். மாமா திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எலைன் ஆன்ட்டி "இன்னாம்மா?" என்றார். யசோதரா மாமாவின் சட்டைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து, அவள் வைக்க வைக்க ஒவ்வொன்றாகப் பையின் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் அழுதாள். கெட்டவள் அல்ல அவள். அப்பாவை ரயில் அடித்துவிடும் என்ற பயம் ஒரு வருஷமாக அவளைத் தூங்க விடவில்லை.

அப்போது இவர் வந்தார். வழக்கம்போல் எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் காதில் அதை மாட்டினார்.

மாமா தலையைச் சாய்த்தார். தோள் இறங்கியது. கையை உயர்த்தி, எல்லாம் சரி என்பது போல மெல்ல அசைத்தார்.

யசோதராவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், டப்பாவில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே காதோடு சொன்னாள். "அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நைனாவை எங்க படுக்க வைக்கறதுன்னே தெரியல. ஹால்ல ஸ்வல்ப எடம் இருக்கு, அவ்ளோதான். எங்க வீட்டுக்காரர் நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காரு. ஆனா இங்க ஏதாவது ஆச்சுன்னா ஊரு என்னைத்தானே கேக்கும்?"

முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. கத்தலாக இல்லை, சாதாரணமாக. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"யசோ, உன் வூட்டுக்காரன் மூஞ்சியைக் கீழ எறக்கச் சொல்லு. நான் வரல."

யசோதரா வாயில் முறுக்கோடு அப்படியே நின்றாள்.

"அந்த முறுக்கு உங்க அண்ணனுக்கு வெச்சது. அதையும் டப்பாவுல போடு."

மறுநாள் காலை அவளும் கூடப் போய், ரயில் ஹாரன் அடித்ததும் அப்பா பாதைக்கு இந்தப் பக்கமே நின்று, சகாயத்தைக் கையால் தடுத்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள். பை காலியாகத் திரும்பிப் போனது.

அதன்பிறகு எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. மாமா 'இன்னா' என்று கேட்ட இடைவெளியில் நாங்கள் எல்லோரும் முணுமுணுத்துப் பழகியிருந்தோம். அந்த வசதி போனது. சகாயம் பல வருஷமாகத் தன்னை டீக்கடையில் என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்திருக்கிறார் என்பது மாமாவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. வரிசைக்கு எங்கள் வீட்டுச் செய்தி நின்றுபோனது. எலைன் ஆன்ட்டி, வேறு வழியில்லாமல், கதவைத் தட்டி நேரில் வந்து விசாரிக்கத் தொடங்கினார். இவர் மட்டும், தன் வாழ்நாள் வேலையைத் தோற்கடித்த அந்த இரைச்சலைப் பற்றி யாராவது கேட்டால், "அது இரைச்சல் இல்ல, சம்பளம் வாங்காத வாட்ச்மேன்" என்பார். கம்பெனியில் மற்றவர்களின் காதுக்கு அமைதியைச் செய்துகொண்டே, அப்பாவின் காதுக்கு வாரா வாரம் பேட்டரி மாற்றினார்.

இவர் போன பிறகு யசோதரா மறுபடி கேட்டாள். இந்த முறை இரண்டு பேரையும் வரச் சொன்னாள். அவள் வீட்டுக்காரரும் நல்ல முகத்தோடு வந்து கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். இருவரும் இங்கேயே இருக்கிறோம். பேட்டரி இப்போது நான் மாற்றுகிறேன்.

அழுவதற்குத்தான் இந்த வீட்டில் இடமில்லை. மகன் செய்த கருவி அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் ஒரு மதியம், பருப்பு வைத்துவிட்டு, குக்கர் சத்தத்தில் தெரியாது என்று அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். விசில் வந்தது, அடக்காமல் அழுதேன். இன்னொன்று வந்தது. நிறுத்த மனம் வரவில்லை, வரட்டும் என்று விட்டேன்.

முன்னறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"லீலா, அடுப்பை அணைச்சிட்டு அழும்மா. பருப்பு தீயுது."